காசிம் முதலாளி மறுபடியும் அந்த ரோட்டுக்கு வந்த கதை

எங்கள் பக்கத்துக் கார் ரேஸை வெள்ளைக்காரத் துரைமார்தான் ஆரம்பித்துவைத்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவ்வப்போது பஸ் டிப்போப் பக்கம் போய் வருவது என் வழக்கம். அங்கே இப்போது வேலை செய்கிற பையன்கள் நல்லவர்கள்தான். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசுவதில் படு கெட்டிக்காரர்கள். போன வாரம் ஊசிக்கல் தோட்டத்து மலை ரோட்டில் அந்தக் காலத்தில் நடந்த ரேஸைப் பற்றிப் பேச்சு வந்தது. அதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டு என்று ஒருவன் அடித்துச் சொன்னான். பொத்திக்கொண்டு வேலையைப் பாருடா என்று வாய்வரை வந்தது. நம் வயசுக்கு அழகில்லை என்று அடக்கிக்கொண்டேன். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ரேஸை ஆரம்பித்தவர் காசிம் முதலாளி. முஸ்லிம் மனிதர். கம்பளையில் பிறந்து, தலவாக்கலை டவுனில் மோட்டார் கராஜ் வைத்திருந்தார். பிற்காலத்தில் நான் தோட்டத்து லொறியும் ஓட்டினேன், பஸ்ஸும் ஓட்டினேன். ஆனால் தொழில் கற்றது அவரிடம்தான்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் அப்பா என்னைக் கொண்டுபோய் அந்தக் கராஜில் விட்டார். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி அவருடைய தோள்பட்டை போயிருந்தது. மகனுக்கும் அது வேண்டாம் என்று நினைத்தார். வேலை பழகிய கதையில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கழுவினேன், துடைத்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், விரல் நசுங்கி அழுதேன். ஒரு நாள் பார்த்தால் இஞ்சினைத் தனியாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் பழகுகிறோம்.

முதலாளியின் போக்கைத்தான் சொல்ல வேண்டும். சாரம், அதற்கு மேலே பழைய கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி. எந்தக் காரின் மேலும் யாரும் சாய்ந்து நிற்கக் கூடாது. இஞ்சின் ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம் கோளாறு இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் எங்களை டேய் என்பார். கோபம் வந்தால் நீங்க என்பார். நீங்க கொஞ்சம் வெளியே போய் டீ குடிச்சிட்டு வாங்க என்று மரியாதையாகச் சொன்னாரென்றால் அன்றைக்கு மறுபடியும் நான் அவர் கண்ணில் பட மாட்டேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த இரண்டு இளம் துரைமார் தங்கள் கார்களை அவரிடம் கொண்டுவருவார்கள். யாருடைய கார் வேகம் என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. ஒரு தடவை இரண்டு பேரும் பெரிய ரோட்டில் போட்டி போட்டு ஓட்டி, ஒருவருடைய கார் மரக்கறி லொறியில் உரசிக்கொண்டு வந்து நின்றது. முதலாளி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இப்படி ஒன்றாக ஓடினால் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், தோட்டத்து மலை ரோட்டில் ஒவ்வொருவராக ஏறுங்கள், நான் கீழேயும் மேலேயும் கடிகாரம் பிடிக்க ஆள் வைக்கிறேன் என்றார். ரேஸ் பிறந்தது அவ்வளவுதான்.

ஊசிக்கல் தோட்டத்து ரோட்டைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் தொடங்கி, பெரிய துரை பங்களா வாசல்வரை வளைந்து வளைந்து ஏறும் ரோடு அது. முழுவதையும் நடந்தே ஏறினார். ரோடு திரும்புகிற ஒவ்வொரு முடக்கிலும் நின்று தரையைக் காலால் உரசிப் பார்த்தார். நான் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கொஞ்ச காலத்தில் அந்த இரண்டு துரைமாரில் ஒருவர் அந்தத் தோட்டத்துக்கே பெரிய துரையாக வந்து சேர்ந்தார். அதன் பிறகு ரேஸ் வருஷா வருஷம் நடக்கிற விழாவாகிவிட்டது. பரிசு கொடுத்து முடிந்து பங்களா விறாந்தையில் விருந்து நடக்கும்போது முதலாளி கார் ஷெட்டில் நின்று பிளேன்டீ குடிப்பார். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குத்தான் எரியும்.

தோட்டத்துச் சனத்துக்கு அது திருவிழா மாதிரி. அன்றைக்கு அரை நாள் வேலை, முழு நாள் பேர், அதாவது முழுச் சம்பளம். தேன்குழலும் பூந்தியும் விற்கத் தலவாக்கலையிலிருந்து கடைகள் வரும். பிள்ளைகளுக்குப் பங்களாவிலிருந்து பன் கொடுத்தனுப்புவார்கள். தீபாவளியை விட்டால் வருஷத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் மொத்தமும் ஒன்றாக வெளியே வந்து உட்காருவது அந்த ஒரு நாள்தான்.

ரோட்டைத் தயார் பண்ணுகிற வேலை முன்கூட்டியே தொடங்கிவிடும். முதலில் பாசியைச் சுரண்ட வேண்டும். எங்கள் ஊரில் வெயில் படாத முடக்கில் பாசி பிடித்தால் நடக்கிறவனே வழுக்கி விழுவான். சுரண்டின இடத்தில் ஸ்டோர் அடுப்புச் சாம்பலைத் தூவித் தேய்ப்போம். பிறகு உதிரிச் சல்லியைக் கூட்டி அள்ள வேண்டும். ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே பலகை போட வேண்டும். முடக்குக் கற்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் நடந்து பார்ப்பார். ஒரு கல் தட்டுப்பட்டாலும் மறுபடியும் கூட்டச் சொல்வார். பங்களாப் பக்கம் போகிற எத்தனையோ பெரிய மனிதர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அவரும் ரேஸில் ஓடுவார். அடிபட்ட சின்னக் கார் ஒன்றை வாங்கி, கதவு, கூரை, பின்சீட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு அதில்தான் ஓடுவார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார வேண்டும். அந்த ஒருவன் நான்தான். முடக்கு வரும்போது உள்பக்கமாக உடம்பை வெளியே தொங்கவிட்டுச் சாய்வது என் வேலை. சாயாவிட்டால் உள்சில்லு, அதாவது உள்பக்கத்துச் சக்கரம், தரையை விட்டுத் தூக்கிவிடும்.

ரோட்டின் பாதியில், ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்புகிற முடக்குக்கு முழங்கை முடக்கு என்று பெயர். அங்கே எப்படித்தான் ஓட்டினாலும் காரின் பின்பக்கம் வழுக்கி வெளியோரத்துக்கு, அதாவது பள்ளத்துப் பக்கத்துக்குப் போய்த்தான் திரும்பும். அதனால் வேடிக்கை பார்க்கிற சனம் முழுவதையும் உள்பக்கத்து மேட்டில் ஏற்றி உட்காரவைப்போம். வெளியோரத்தில் ஒரு நாய்கூட நிற்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

ரேஸில் அப்படி. ஆனால் மற்ற நாட்களில் தோட்டத்தின் சட்டம் இதற்கு நேர்மாறானது. துரையின் கார் வந்தால் தொழிலாளி வெளியோரத்துக்குப் போய் நிற்க வேண்டும். துரைமார் குதிரையில் வந்த காலத்துப் பழக்கம் அது. மலையோரமான உள்பக்கம் பத்திரமானது, அது துரைக்கு. பள்ளத்தோரம் நமக்கு. குடையை மடக்க வேண்டும். தலையில் போட்டிருக்கிற கம்பளியை எடுக்க வேண்டும். குனிந்து நிற்க வேண்டும். காரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. உள்பக்கம் நின்றுவிட்டால் கங்காணி பிடிக்கிற பிடியில் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும். நடக்கப் பழகும்போதே தோட்டத்துப் பிள்ளை இதையும் பழகிவிடும். நானும் அப்படித்தான் பழகினேன். கார் ஓட்டக் கற்ற பிறகும், தோட்டத்துக்குள் நடந்து போகும்போது கார்ச் சத்தம் கேட்டால் என் கால் தானாக வெளியோரத்துக்குப் போகும்.

அந்த வருஷம் ரேஸ் மத்தியானத்துக்கு மேலே என்றுதான் சொல்லியிருந்தார்கள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அப்படித்தான் சொன்னார். ஆனால் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு கூட்டம் பெண்களை முழங்கை முடக்குக்குக் கீழே இருக்கிற பணிய மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பியிருந்தார். ரேஸுக்கு முன்னால் அவர்கள் வேலை முடித்து மேலே வந்துவிடலாம் என்பது கணக்கு. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று துரைமார் ரேஸை முன்னால் தள்ளினார்கள். ஸ்டோரில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், மேட்டில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பணிய மலைக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.

முதலில் ஏறியது எங்கள் கார். முழங்கை முடக்கில் நான் உள்பக்கம் சாய்ந்தேன், பின்பக்கம் வழக்கம்போல வெளியே போனது. திரும்பின உடனே பார்த்தேன். பணிய மலை ஒற்றையடிப்பாதை ரோட்டில் வந்து ஏறுகிற இடத்தில், வெளியோரத்தில், மருதாயி நின்றாள். எங்கள் லயத்துப் பெண்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பூண்டுலோயாப் பக்கத்து மாப்பிள்ளை. முதுகில் நிறைந்த கூடை. கம்பளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். ஓடியிருக்கலாம். பின்னால் பாதையில் இறங்கியிருக்கலாம். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் செய்திருப்பாள். பார்க்கக் கூடாது என்று அல்லவா பழக்கியிருக்கிறோம்.

முதலாளி மேட்டுப் பக்கமாக முழுவதும் ஒடித்தார். கார் மேட்டில் மோதிக் கானில் கவிழ்ந்தது. ஆனால் பின்சில்லு அதற்குள் அவளைத் தட்டிவிட்டது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். முதலாளிக்குக் கழுத்தெலும்பும் விலாவும் முறிந்தன. நான் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால் மருதாயி சிதறின கொழுந்துக்கு நடுவில் கிடந்தாள். வலதுகால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அழவில்லை.

“நான் ஒதுங்கித்தாண்ணே நின்னேன்” என்றாள்.

விசாரணை தோட்டத்து ஒபிஸில் நடந்தது. பெரிய துரை, ரேஸ் கமிட்டியின் தலைவரும் அவர்தான், நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ரேஸ் அன்று யாரும் ரோட்டில் நிற்கக் கூடாது என்று பெரட்டில் சொன்னேன் என்றார் கண்டாக்கு. அது உண்மைதான். நேரம் மாறியதைச் சொன்னீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, அவள் ரோட்டில் நின்றாளா இல்லையா என்றார்கள். வெளியோரத்தில் ஒதுங்கி நின்றாள், துரை கார் வந்தால் நாங்கள் நிற்கிற இடத்தில் நின்றாள், நேரம் மாறினது அவளுக்குத் தெரியாது என்றேன். ரோட்டில் நின்றாள், அவ்வளவு போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நான் வாசலில் நின்று மறுபடியும் சொன்னேன். கதவைச் சாத்தினார்கள். சொல்லுக்குக் கீழ்ப்படியாமல் ரேஸ் காருக்குக் குறுக்கே வந்தாள் என்று முடிவாயிற்று.

ரேஸும் அதோடு நின்றது. பூந்திக் கடை இல்லை, பன் இல்லை, அரை நாள் வேலைக்கு முழுப் பேர் இல்லை. கோபத்தைத் துரை மேல் காட்ட முடியுமா? மருதாயி மேல் காட்டினார்கள். எங்கள் லயத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். வாய்க்காரி, ஆனால் சண்டை வந்தால் முதல் ஆளாக வந்து நிற்கிறவளும் அவள்தான். மருதாயிக்கு ரேஸ நிப்பாட்டினவ என்று பெயர் வைத்தவள் அவள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், இந்தா ரேஸ நிப்பாட்டினவ வர்றா என்பார்கள். சின்னப் பிள்ளைகளும் அப்படியே சொல்லப் பழகின. பூண்டுலோயா மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கால் போனதற்காகப் பின்வாங்கவில்லை. இந்தப் பெயர் காதில் விழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். நொண்டிக்கொண்டு மலையேற முடியாததால் ஸ்டோரில் தேயிலைக் குச்சி பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். வருவாள், பொறுக்குவாள், போவாள். யாரோடும் பேச மாட்டாள்.

முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கராஜை விற்றார். கம்பளைக்குப் போய், தம்பியின் மோட்டார் சாமான் கடையில் உட்கார்ந்துவிட்டார். மருதாயியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவரை உயிராக நினைத்தவன். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது. தோட்டத்திலேயே லொறி டிரைவர் வேலைக்குச் சேர்ந்துகொண்டேன். கம்பளைக்கு லொறி போனாலும் அந்தக் கடை இருக்கிற தெருவுக்குள் நான் போகவில்லை.

வருஷங்கள் போயின. அந்த வெள்ளைக்காரத் துரை ஓய்வு பெற்று நுவரெலியாவில் வீடெடுத்து இருந்தார். தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சிங்களத் துரை வந்தார். இளம் வயசு, கார்ப் பைத்தியம். ஊசிக்கல் ரோட்டில் ரேஸ் நடந்தது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பவும் ஆரம்பிக்க வேண்டும் என்றார். முதலில் ஆரம்பித்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டார். காசிம் முதலாளி என்றேன். அவரைக் கூட்டிவந்து மாலை போட்டு, முதல் காரில் உட்காரவைத்து ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும், பழைய துரையும் வருவார், நீ போய்ச் சொல்லு என்று என்னை அனுப்பினார்.

கம்பளைக் கடையில் முதலாளி வயசாளியாக உட்கார்ந்திருந்தார். இடது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நான் துரை சொன்னதைச் சொன்னேன். அவர் மாலையைப் பற்றிக் கேட்கவில்லை, ரேஸைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தப் புள்ள இருக்காளா என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறாள், குச்சி பொறுக்குகிறாள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. லயத்தில் அவளுக்கு என்ன பெயர், கல்யாணம் எதனால் நின்றது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கையில் இருந்த பேரிங்கை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் சொன்னது இது: அப்போது பழைய துரை ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். அவள் குற்றமில்லை என்றால் உன் குற்றம், காசிம், பொலிஸுக்கு எதைச் சொல்லட்டும் என்று கேட்டாராம்.

“நான் அவட குத்தமென்டு சொல்லயில்ல, வேலு” என்றார். “சொல்லாம இருந்துட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் மொதலாளி” என்றேன்.

அவர் பேரிங்கைக் கீழே வைத்தார். நான் வருவதற்கு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு வா என்றார்.

தோட்டத்துச் சனத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இங்கே இருக்கிறவர்கள் யார் என்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்த நேரம் அது. லயத்தில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. மருதாயி ஸ்டோர் வாசலில் நின்று நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். அவளிடமிருந்து அவ்வளவு பேச்சு வரும் என்று நான் நினைக்கவில்லை.

“தனியா வந்து மன்னிச்சுக்கன்னு கேட்டாருன்னா நான் என்னண்ணே செய்யிறது? மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன். அவரு நிம்மதியாப் போயிருவாரு. எனக்கு லயத்துல அதே பேருதான். இந்தியாவுக்கே அனுப்பினாலும் அந்தப் பேரும் கூடவே கப்பலேறும். சொல்றதா இருந்தா, என்னைப் பேசுன அத்தன சனமும் இருக்கையில சொல்லச் சொல்லுங்க. இல்லாட்டி வர வேணாம்.”

இதை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். தம்பியின் கடைக்கு வியாபாரமே தோட்டங்களிலிருந்துதான். பழைய துரை மேடையில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒன்றைப் பேசினால் எத்தனை தோட்டம் முகம் திருப்பும் என்று அவருக்குத் தெரியாதா? தம்பியும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, காக்கா, பழசெல்லாம் எதுக்கு என்று அண்ணனைக் கேட்டார். அவ கேக்கிறது நியாயம்தான் என்று சொல்லிவிட்டு முதலாளி தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் வருகிறாரா இல்லையா என்று எனக்கு அதிலிருந்து விளங்கவில்லை.

வந்தார். ரேஸ் அன்று காலை பஸ்ஸில் வந்து தலவாக்கலையில் இறங்கினார். புதுத் துரையின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டினேன். ஸ்டோரிலிருந்து மெதுவாக ஏறினோம். முழங்கை முடக்கில் உள்பக்கத்து மேட்டின் மேலே கூடாரம் அடித்து, புதுத் துரை, பழைய துரை, இன்னும் நாலைந்து பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தப்படித்தார்கள். காரை அங்கே நிறுத்தி மாலை போடுவதாக ஏற்பாடு.

முடக்கில் திரும்பினதும் முதலாளி என் கையைப் பிடித்தார். சலாம் போடுவதற்காகக் கங்காணிமார் சனம் முழுவதையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எங்கே? வெளியோரத்தில். ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகக் கம்பளியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ரேஸ் கார்கள் வழுக்கிக்கொண்டு வரப்போகிற இடம் அது. அந்த வரிசையின் கடைசியில் கம்பை ஊன்றிக்கொண்டு மருதாயி நின்றாள். கால் முறிந்த பிறகு அந்த முடக்குக்கு அவள் வந்தது அன்றைக்குத்தான்.

முதலாளி இறங்கினார். இங்கே நிற்காதீர்கள், எல்லோரும் மேட்டுப் பக்கம் வாருங்கள் என்றார். யாரும் அசையவில்லை. கண்டாக்கு ஓடிவந்து, மாலை போடுகிறவரைக்கும் இங்கே நிற்கச் சொல்லித் துரை உத்தரவு என்றார். அதே பழைய கண்டாக்கு. மாலையும் அவர் கையில்தான் இருந்தது.

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் முதலாளி. அந்த நீங்க காதில் விழுந்ததும் நான் இஞ்சினை நிறுத்தினேன்.

அப்புறம் சனத்தைப் பார்த்துப் பேசினார். மைக் இருந்தது, அதன் பக்கம் அவர் போகவில்லை.

“என் பேரு காசிம். இந்த ரோட்டுல மொதல்ல ரேஸ் வச்சது நான். மருதாயிட கால ஒடச்சதும் நான்தான். அவ குறுக்க வரயில்ல. தொரை கார் வந்தா எங்க நிக்கணுமென்டு இந்தத் தோட்டம் அவளுக்குச் சொல்லிக் குடுத்துச்சோ, அங்கதான் நின்னா. இப்ப நீங்க நிக்கிறீங்களே, இதே எடம்தான். ரேஸ் நேரத்த மாத்தினத அவகிட்ட ஒருத்தரும் சொல்லயில்ல. இது அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ரேஸ் நின்னது அவளால இல்ல. எங்களாலதான்.”

எங்களால் என்று சொல்லும்போது கூடாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பழைய துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே தெரியும். முகம் சிவந்து எழுந்தார், ஏதோ இங்கிலீஷில் சொன்னார், பிறகு உட்கார்ந்துவிட்டார். புதுத் துரைக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது. என்ன சொன்னார் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். இதற்காக வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் வரிசையைப் பார்த்தார், முடக்கைப் பார்த்தார், நகரட்டும் என்று தலையாட்டினார்.

ஆனாலும் சனம் நகரவில்லை. காருக்கு முன்னால் ரோட்டைக் கடப்பது என்பது எங்களில் யாருக்கும் பழக்கமில்லாத காரியம். கங்காணிமாருக்கே கால் எழவில்லை. அப்போது வரிசைக் கடைசியிலிருந்து மருதாயி கிளம்பினாள். கம்பை ஊன்றி ஊன்றி, அவசரப்படாமல் காருக்கு முன்னால் ரோட்டைக் கடந்தாள். குனியவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்தாள். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் மேட்டில் ஏறக் கஷ்டப்பட்டாள். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தானே ஏறினாள்.

அவள் ஏறின பிறகுதான் மற்றவர்கள் கடந்தார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு மொத்தக் கூட்டமும். கண்டாக்கு மாலையை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் புதுத் துரையே இறங்கி வந்து அதை வாங்கி முதலாளியின் கழுத்தில் போட்டார். ரேஸ் நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. பழைய துரை பாதியிலேயே போய்விட்டார். முதலாளியைப் பங்களா விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு தம்பி கடையோடு இரண்டு மூன்று தோட்டங்கள் வியாபாரத்தை நிறுத்திக்கொண்டன என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நானும் கம்பளைக்குப் போனால் அந்தத் தெருவுக்குப் போகத் தொடங்கினேன்.

அன்றைக்கு மேட்டில் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. மருதாயி மட்டும் ஒரு ஓரமாக நின்றாள். எங்கே உட்காருவது, யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. காத்தாயி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டையைச் செருமினாள். பக்கத்தில் இருந்தவளை இடித்துத் தள்ளி இடம் பண்ணினாள்.

“மருதாயி, இங்கிட்டு வந்து உக்காரு” என்றாள்.

மருதாயிக்குக் கேட்டது. நான் கீழே கார்ப் பக்கத்தில் நின்றேன், எனக்கே கேட்டது. ஆனால் அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காத்தாயி கூப்பிட்டாள். அப்புறம்தான் போய் உட்கார்ந்தாள்.